முட்டுச்சந்தில் விழித்தது

ஜனவரி 12

கலப்படக்காரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதை இரண்டு பக்கம் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் எழுதியிருக்கலாம்: "அக்கா, இனிமே உன்னை ஏமாத்துறதுதான் என் வேலை." எங்களுக்குத் தெரியாதா என்ன? நாங்கள் இங்கே வெயிலில் காய்ந்து, ஆன்டெனாக்களைத் திருப்பித் திருப்பி வானத்தைப் படம் பிடித்து அனுப்புகிறோம். நீங்கள் தலைமையகத்தில் குளிர் அறைக்குள் உட்கார்ந்து, அந்தப் படத்தில் இல்லாத ஒரு புள்ளியை இருப்பதுபோல் நுழைத்துத் திருப்பி அனுப்புகிறீர்கள். நாங்கள் அதைப் பிடிக்கிறோமா, கோட்டை விடுகிறோமா என்று பார்க்கத்தான். இங்கே கேன்டீனில் உங்கள் பிரிவுக்குக் கலப்படக் கம்பெனி என்று பெயர். என் தம்பி அதில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னதும் எல்லோரும் என் தட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்தார்கள்.

இந்தக் காலத்தில் ஏன் காகிதத்தில் எழுதுகிறாய் என்று உன் பெண்டாட்டி கேட்டாளாம். அவளிடம் சொல். இங்கே செல்போன் கூடாது, வைஃபை கூடாது, பெட்ரோல் வண்டி கூடாது. ஒரு சின்னத் தீப்பொறி பறந்தால்கூட எங்கள் ஆன்டெனாக்களுக்குக் காது அடைத்துவிடும். இருக்கும் ஒரே டெலிபோன் சாப்பாட்டு ஹாலில். அதில் நான் உனக்குக் காய்ச்சலா என்று கேட்டால், பாத்திரம் கழுவுகிறவர் "மாத்திரை போட்டாராம்மா?" என்பார். அலுவலக மின்னஞ்சலை நிர்வாகம் படிக்கும். மிச்சம் இருப்பது வாரம் ஒருமுறை வரும் டீசல் ஜீப்பும் தபால் பையும்தான்.

தீப்பொறி என்றதும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும். போன வருஷம் வானத்தின் கோடியிலிருந்து ஒரு துடிப்பு வருகிறது என்று உலகத்துக்கே நான் செய்தி அனுப்பினேன். கடைசியில் பார்த்தால் விருந்தினர் அறையில் யாரோ ஒரு மகராசன் கொசு பேட்டால் கொசு அடித்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து என் பெயர் "கொசு பேட்". ஜூன் மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி நீட்டிப்பார்களா, பார்வையாளர் கூடத்துக்கு டிக்கெட் கிழிக்க அனுப்பிவிடுவார்களா என்பது அதற்குள் நான் உருப்படியாக எதையாவது பார்ப்பதில் இருக்கிறது. பதவி கிடக்கட்டும். இத்தனை வருஷத்தில் வானத்தில் ஒன்றே ஒன்றை, எல்லோருக்கும் முன்னால் முதல் ஆளாக நான் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். எது உங்கள் சரக்கு, எது வானத்துச் சரக்கு என்று எனக்கு ஒருநாளும் சொல்லாதே. ஜாடைகூட வேண்டாம். நீ, வேண்டாம் என்றால் அதைத்தான் முதலில் செய்கிற ஆள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறாதே என்றேன். ஏறினாய், இறங்கத் தெரியாமல் அழுதாய், தெருவே கூடிவிட்டது. அம்மா போன பிறகு உன்னை வளர்த்ததில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "வேண்டாம்"தான். நீ அதிகம் கேட்காத வார்த்தையும் அதுதான். இந்த ஒருமுறையாவது கேள்.

அக்கா

~

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே, உடனே பதில் எழுத முடியவில்லை. என் பெண் வாலுக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. நேற்று சோபா மேலிருந்து குதித்தாள் என்றால் பார்த்துக்கொள். மூன்று வயதுக்கு இவ்வளவு ஆகாது என்று என் பெண்டாட்டி அலுத்துக்கொள்கிறாள். உன்னைப் போலவே வாய் என்றும் சொல்கிறாள்.

நீ கிண்டல் செய்தாலும் என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் பொய்களைத் தயாரிப்பவன், அவ்வளவுதான். அவற்றில் எதைக் கலப்பது, எந்தக் குழுவின் படத்தில், எந்த வாரம் என்பதெல்லாம் தலைவர் கையில். பட்டியல் அவரிடம் மட்டும்தான் இருக்கும். சீசன் முடிந்த பிறகு எல்லோர் முன்னாலும் திறப்பார். அதுவரை அவர் வாயிலிருந்து காற்றுகூட வராது. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் "பூட்டு". இவ்வளவும் உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, புதிதாக நான் எதையும் சொல்லிவிடவில்லை.

உன்னிடம் ஒன்று பீற்றிக்கொள்ளலாமா? எனக்கு முன்னால் இருந்தவர் செய்த பொய்கள் மட்டமானவை. திடீரென்று ஒரு புள்ளி, திடீரென்று காணோம். நான் நிஜமாக நடப்பதுபோலவே செய்கிறேன். ஒரு நட்சத்திரம் கருந்துளைக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டால், கிட்டப் பக்கத்துக்கு ஓர் இழுப்பு, எட்டப் பக்கத்துக்கு வேறோர் இழுப்பு. மாவு உருண்டையை இரண்டு கையாலும் இழுப்பதுபோல் நீண்டு கிழிகிறது. கிழிந்ததில் பாதி வெளியே ஓடிவிடும். மீதி சுற்றிச் சுற்றி உள்ளே விழும்போது, நீங்கள் தூங்குமூஞ்சி என்பீர்களே, அந்த மாதிரி சும்மா கிடந்த நட்சத்திர மண்டலத்தின் நடுப்பகுதி விழித்துக்கொள்கிறது. அந்த விழிப்பு ஏறுவது, தயங்குவது, மறுபடி ஏறுவது எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் செய்கிறேன். பூட்டே ஒருமுறை "பரவாயில்லை" என்றார்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நீட்டிக்கவில்லை என்றால் இங்கே வந்துவிடு. ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

தம்பி

~

பிப்ரவரி 24

டேய்!

அவசரமாக எழுதுகிறேன். கிறுக்கலாக இருக்கும், சமாளித்துப் படி.

ஒரு தூங்குமூஞ்சி விழித்துவிட்டது. நாங்கள் "முட்டுச்சந்து" என்று சொல்லும் வானத்துண்டில். பெயருக்கு ஏற்றபடி அங்கே ஒருநாளும் ஒன்றும் நடந்ததில்லை. நூற்றுக்கணக்கான மண்டலங்கள், எல்லாம் குறட்டை. விழித்த மண்டலங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கும் கருந்துளைக்கு ஓயாமல் தீனி கிடைக்கும். அந்த ஒரு புள்ளி, மண்டலத்தின் அத்தனை நட்சத்திரங்களையும் மங்கடித்துக்கொண்டு கத்தும். அதைப் பார்க்கக் கூட்டம் எப்போதும் உண்டு. நான் தூங்குகிறவர்களைத்தான் பார்ப்பேன். அவர்களுக்குள்ளும் அதே கருந்துளை இருக்கிறது, பசியோடு, சத்தம் போடாமல். பக்கத்தில் யாரும் போகாதவரை அது பாட்டுக்கு இருக்கும்.

யாரோ போயிருக்கிறார்கள்.

மாத ஆரம்பத்தில் லேசான புள்ளி. அழுக்கு என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஏறியிருந்தது. பிறகு சின்னதாக ஒரு தயக்கம். நேற்று வந்த படத்தில் பளீரென்று ஏற்றம். நாற்காலியிலிருந்து எழுந்தவள் திரும்ப உட்கார மறந்துவிட்டேன். ஆன்டெனாக்களின் ரிசீவர்களைக் கவனிக்கும் எங்கள் காதுக்காரர் (ஆன்டெனாவுக்குக் காது பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர்) ஒவ்வொரு ரிசீவராகச் சோதித்துவிட்டு வந்து, "என் பக்கம் ஒரு குத்தமும் இல்லைம்மா. இந்தத் தடவை கொசு இல்லை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இயக்குநர் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அடுத்த வாரப் படத்துலயும் ஏறியிருந்தா உலகத்துக்குச் சொல்லிடுவோம். கையெழுத்து நீங்களே போடுங்க" என்றார். கேட்டாயா? நானே! நாங்கள் செய்தி அனுப்பினால்தான் மற்ற தொலைநோக்கிகள், மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் எல்லாம் முட்டுச்சந்துப் பக்கம் திரும்பும். இது சில மாதத்தில் அணைந்துவிடும். அதே மண்டலத்தில் மறுபடி நடக்க மனித குலமே காத்திருந்தாலும் போதாது.

உங்கள் சரக்கோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் அது எந்த மண்டலம் என்று உனக்கு எழுதவில்லை. நீயும் எதுவும் சொல்லாதே. பொய்யாக இருந்தால் பொய் என்று எல்லோரோடும் சேர்ந்து தெரிந்துகொள்கிறேன், சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு இந்த ஒரு வாரத்தைக் கெடுக்காதே.

அக்கா

~

பிப்ரவரி 28

அக்கா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஹாலில் இருக்கும் டெலிபோனில் பேசக்கூடிய விஷயம் இல்லை.

அது நாங்கள் போட்டது.

முட்டுச்சந்தில் ஒரு தூங்குமூஞ்சியை எழுப்பியது நான்தான். ஜனவரிக் கடைசியில் செய்து பூட்டிடம் கொடுத்தேன். முதலில் லேசாக, பிறகு ஏற்றம், ஒரு தயக்கம், மறுபடி ஏற்றம். நீ எழுதியதைப் படிக்கப் படிக்க என் கைவேலையை நீ விவரிப்பது போலவே இருந்தது. முட்டுச்சந்து என்ற வார்த்தையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மீதியை நின்றுகொண்டே படித்தேன்.

சொல்லாதே என்றாய். தெரியும். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, இவள் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மற்ற யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் நீ செய்தி அனுப்பிவிட்டு, மே மாதம் பட்டியலைத் திறக்கும்போது அது பொய் என்று தெரிந்தால்? முதலில் கொசு, இப்போது இது. ஒப்பந்தம் நீட்டிக்கிற மாதத்துக்கு முந்தின மாதம். அந்த ஹாலில் உன்னை எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன்னை அப்படி நிற்க விட்டுவிட்டு நான் இங்கே மாதச் சம்பளம் வாங்க முடியாது.

வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும், பூட்டின் பெயரும் கெடும். அதனால் எப்படி நிறுத்தப்போகிறாய் என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். ஏதாவது சொல்லி நிறுத்திவிடு. தயவு செய்து அனுப்பாதே.

தம்பி

~

மார்ச் 10

நீ நாசமாய்ப் போக.

எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும். தமிழில்தானே எழுதினேன்? சொல்லாதே என்றால் உனக்கு என்ன அர்த்தம்? என் தலையில் கொசு வந்தாலும் குப்பை வந்தாலும் அது என் தலை. நீ காப்பாற்றுகிறாயாம். தொட்டி மேலிருந்து உன்னை நான் இறக்கினேன் என்பதற்காக நீ என்னை எங்கிருந்தாவது இறக்கியே ஆக வேண்டுமா?

உன் கடிதம் வந்த அன்றே அந்த வாரப் படமும் வந்தது. இன்னும் ஏறியிருந்தது. எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட யாரோ திறந்து கொடுத்தார்கள். நான் அந்தப் புள்ளியையே பார்த்தேன். அவ்வளவு அழகு. என் தம்பி செய்தது என்று நினைத்தபோது ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது, பைத்தியக்காரிக்கு.

என்ன சொல்லி நிறுத்துவது? பொய் என்று எனக்குத் தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். அதனால் ரிசீவர் கோளாறு என்றேன். "திரும்பப் பார்த்தேன், ரிசீவர் கோளாறுதான், விட்டுவிடலாம்" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். காதுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "எந்த ரிசீவரும்மா? காட்டுங்க. நான் ஒவ்வொண்ணா பார்த்தேனே." நான் பேனாவை மூடி வைத்தேன். "எதுக்கும்மா இப்படி சொல்றீங்க?" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது எதிரே உட்காருவார், இப்போது கடைசி மேஜைக்குப் போய்விடுகிறார்.

ஆன்டெனாக்களை வேறு வேலைக்குத் திருப்பியாயிற்று. முட்டுச்சந்துக்கு இந்த சீசனில் இனி முறை இல்லை.

கிழிக்கச் சொன்னதைக் கிழித்துவிட்டேன். கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

~

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். என் குணம் உனக்குத் தெரியும்.

வாலு உனக்காக ஒரு படம் வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். கறுப்பு வட்டம் கருந்துளையாம். பக்கத்தில் நிற்பது நீயாம். "அத்தை ஏன் அவ்ளோ கிட்ட நிக்கிறாங்க?" என்று கேட்டேன். "சாப்பாடு போடுறாங்க" என்றாள். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காதுக்காரரிடம் மே மாதம் பட்டியலைத் திறந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அதில் முட்டுச்சந்து இருப்பதைப் பார்த்ததும், நீ எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாய் என்று அவரே புரிந்துகொள்வார். உன் கண்ணைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். யோசித்துப் பார், உனக்கு நல்லதாகக்கூட முடியலாம்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

~

மே 22

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

நேற்று பூட்டு பட்டியலைத் திறந்தார். பெரிய அறை, எல்லோரும் இருந்தோம். ஒவ்வொன்றாகப் படித்தார். உங்கள் குழுவுக்குக் கலந்த அத்தனையையும் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள், பெரும்பாலும் நீ. கைதட்டினார்கள். நான் முட்டுச்சந்து வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டார்.

வெளியே வந்து அவரைப் பிடித்தேன். குரல் சாதாரணமாக இருக்க வேண்டுமே என்று தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டேன், "நான் ஜனவரியில கொடுத்த முட்டுச்சந்து என்ன சார் ஆச்சு?" அவர், "அதுவா? நல்லா வந்திருந்தது. வீணாக்க வேண்டாம்னு அடுத்த சீசனுக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

அவர் அதைக் கலக்கவே இல்லை அக்கா.

ஓடிப்போய் உங்கள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். நான் செய்தது முட்டுச்சந்தின் ஒரு மூலையில். நீ பார்த்தது அதற்கு எதிர் மூலையில், வேறு மண்டலம். எந்த மண்டலம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. நீ எழுதிய ஏற்றமும் தயக்கமும் என் கணக்கோடு பொருந்தியதும் என்னுடையது என்றே முடிவு கட்டிவிட்டேன். நிஜத்தைப் பார்த்துத்தானே பொய்யைச் செய்தேன், பொருந்தாமல் எப்படி இருக்கும்? அந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

நேற்று இரவே வேறோர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒருவரிடம் கெஞ்சி அந்த இடத்தை மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. அணைந்துவிட்டது.

நீ பார்த்தது நிஜம். ஒரு நட்சத்திரம் கிழிந்தது, அதை உலகத்திலேயே நீதான் முதலில் பார்த்தாய். நான் உன்னைப் பார்க்காதவளாக்கிவிட்டேன்.

பூட்டிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா? நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

தம்பி

~

ஜூன் 2

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

எங்கோ தொலைவில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழைய படங்களைப் புரட்டியிருக்கிறார்கள். மார்ச் மாதப் படம் ஒன்றின் ஓரத்தில், முட்டுச்சந்தில், ஒரு பொட்டு. ஒரே ஒரு படம், அதுவும் பாதி வெட்டுப்பட்டது. "அந்தச் சமயம் உங்கள் பக்கம் ஏதாவது தெரிந்ததா?" என்று மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். இயக்குநர் அம்மா எங்கள் படங்களை வரிசையாக எடுத்து மேஜையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். மேலே ஏறிக்கொண்டே போகும் புள்ளி. கடைசிப் படத்தின் கீழே என் கையெழுத்து.

"ரிசீவர் கோளாறுன்னு எழுதியிருக்கீங்க. காதுக்காரர் கோளாறு இல்லைன்னு அன்னைக்கே எழுதிக் கொடுத்திருக்கார். அப்புறம் எப்படி?"

"என் கண்ணுக்கு அப்படிப் பட்டது."

அவர் கோபக்காரர் இல்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். "போன வருஷம் கொசுவை நட்சத்திரம்னு சொன்னீங்க. இந்த வருஷம் நட்சத்திரத்தைக் கொசுன்னு சொல்லிட்டீங்க. நான் உங்களை வெச்சுக்கிட்டு என்ன செய்யட்டும்?"

நல்ல கேள்வி.

அந்த நட்சத்திரம் கிழிந்தது நம் பூமி உண்டாவதற்கு முன்னால். அன்றிலிருந்து அந்தச் செய்தி நடந்து நடந்து வந்து, சரியாக நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த மாதத்தில் வாசலுக்கு வந்தது. நான் கதவைச் சாத்தினேன். அது வாசலில் நின்ற அத்தனை வாரமும் நான் கேன்டீனில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை எழுந்துபோய் மறுபடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் இரண்டு கண்ணையும்விட உன் ஒரு வார்த்தையை நம்பினேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இருபத்தாறாம் தேதி விசாரணை. தலைமையகத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், உன் பூட்டும் ஒருவர். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். கண் பிசகிவிட்டது என்பேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, உன் கடிதத்தைத்தான் கிழித்தாயிற்றே.

சொல்லிவிடட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம். உனக்கு வேலை போய்விடும், குழந்தை இருக்கிறது. வேண்டாம் தம்பி.

அக்கா

~

ஜூன் 13

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். இவளிடமும் சொல்லிவிட்டேன். "அண்ணிக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று அவளும் அழுதாள். உன் மாதிரி ஓர் அக்கா யாருக்கும் கிடைக்க மாட்டாள். நான் சும்மா எழுதவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்று உனக்கு எழுதிப் போட்ட பிறகு பூட்டின் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மறுபடி போகலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ என்ன சொல்கிறாய் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நீ சொன்னபடியே நடந்துகொள்கிறேன். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

விசாரணையில் தைரியமாக இரு. கண் பிசகுவது யாருக்கும் நடக்கும். பூட்டு நியாயமான மனுஷர், கடுமையாகப் பேச மாட்டார். அவர் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு என் பெயர் அடிபடுகிறது. இந்த நேரத்தில் இதை எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் பிறகு வேறு யார் மூலமாவது நீ கேள்விப்பட்டால் வருத்தப்படுவாய்.

எல்லாம் முடிந்ததும் இங்கே வந்துவிடு. உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். வாலு தினமும் கேட்கிறாள்.

தம்பி

~

ஜூலை 4

தம்பி,

விசாரணை முடிந்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது.

சாப்பாட்டு ஹாலிலேயே மேஜையைத் திருப்பிப் போட்டு நடத்தினார்கள். பூட்டு நடுவில். நீ எழுதியதுபோல் நல்ல மனுஷர்தான், எனக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "இப்படி ஒரு கண்ணு எங்க குழுவுல யாருக்கும் இல்லை. நாங்க கலந்த எதையும் நீங்க விடலை. நிஜத்தை மட்டும் எப்படிம்மா விட்டீங்க?" என்றார். கேட்டுவிட்டு வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். கண் பிசகிவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார்கள். காதுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமலேயே, ரிசீவர்களில் கோளாறு இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

ஒப்பந்தம் நீட்டிக்கவில்லை. பார்வையாளர் கூடத்தில் வேலை. டிக்கெட் கிழிக்க வேறு ஆள் இருக்கிறார், நான் விளக்கம் சொல்ல வேண்டும். சுவரில் கருந்துளைப் படம், பக்கத்தில் ஒரு குச்சி. நேற்று வந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி, "இதெல்லாம் நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கண்டுபிடிப்பு அந்தத் தொலைதூர ஆய்வுக்கூடத்தின் பெயரில் வருகிறது, ஒரு பாதிப் படத்தோடு. எங்கள் படங்கள் சேர்ந்தால் முழுதாகிவிடும். ஆனால் பார்த்தவளே கோளாறு என்று எழுதிய படத்தை யார் நம்புவார்கள்? சேர்க்கவில்லை.

உன் வீட்டுக்கு வரவில்லை. அந்த அறையில் குழந்தை விளையாடட்டும். படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்று அவளிடம் மட்டும் சொல்.

விசாரணை அன்று தலைமையக ஜீப் வந்தது. முதலில் பூட்டு இறங்கினார். பிறகு மற்ற இருவர். டிரைவர் பின்கதவைச் சாத்தாமல் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்ததால் இன்னும் ஓர் ஆள் இறங்குவான் என்று நினைத்தேன். அவர் சாத்தும்வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடட்டுமா என்று என்னிடம் கேட்டாய். தொட்டியில் ஏறும்போது கேட்டாயா? பிப்ரவரியில் அந்தக் கடிதத்தைப் போடும்போது கேட்டாயா? நான் வேண்டாம் என்று எழுதினேன், உண்மைதான். என் கையெழுத்துதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். வேண்டாம்னா கேட்டுக்கிற பழக்கம் உனக்கு எப்படா வந்தது?